சிவப்புக் கோடு விழாத சுரம்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதை முந்தாநாள்தான் ஃபோனில் கேட்டேன், நல்லாயிருக்கேன் என்றாய். பிறகு வழக்கம்போல, "அப்பா சாப்பிட்டாச்சாம்மா?" என்றாய். அப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "சாப்பிட்டாச்சான்னு கேக்கான்" என்றேன். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. அங்கன குளிரு எப்படின்னு கேளு" என்றார். "குளிர் எப்படின்னு கேக்காரு" என்றேன். "பரவாயில்லன்னு சொல்லும்மா" என்றாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ சொன்னது அவருக்கும் அவர் சொன்னது உனக்கும் நன்றாகவே கேட்டது. ஆனாலும் நடுவில் நான் ஒரு தடவை சொன்னால்தான் அது போய்ச் சேர்ந்ததாக அர்த்தம் என்பதுபோல இரண்டு பேரும் காத்திருந்தீர்கள். ஃபோனை வைத்தபோது எனக்கு வந்த களைப்பு, துணி துவைத்துப் பிழிந்து காயப்போட்டால்கூட வராது. அலுத்துவிட்டது மகனே. கோபமில்லை, அலுப்புதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு முழங்கால் ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் பத்து நாளாவது படுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஃபோனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதனால் தாளில் எழுதி, சித்தியைப் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதம் என்றால் நாலு புத்திமதி இருக்க வேண்டும். இதிலும் இருக்கும், பயப்படாதே. ஆனால் விஷயம், பாட்டுக்குச் சுரம் எழுத நீ செய்த அந்த சோல்ஃபா புரோகிராமைப் பற்றியது.

நீ முதன்முதலில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த அந்தச் சின்ன கம்பெனி இப்போது இல்லை. நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்த அந்தப் புரோகிராமும் வேறெங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலநிற உறையில் அந்த சி.டி. தபாலில் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கோடு போட்ட நோட்டேஷன் நம் கோயில் கொயரில் பாடுகிறவர்களுக்கு ஆகாது. தோ, ரே, மீ என்று எழுத்தில் இருந்தால்தான் வாய் வரும். அந்த எழுத்துகளை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கும் அடித்தால் கம்ப்யூட்டரே பாடிக் காட்டும், தமிழ் வரிகளையும் கீழே போட்டு அச்சடிக்கலாம் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷிப்பிங் ஆபீஸில் காலமெல்லாம் டைப் அடித்தவளுக்கு அது ஒரு புது விளையாட்டு. கொயர் மாஸ்டரான உன் அப்பா மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். குரல்கள் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு விழும் என்று நீ தாளில் எழுதி அனுப்பியிருந்தாய். அதை வாசித்துக் காட்டினேன். "ஓகோ, ஊரு உலகத்துக்கெல்லாம் தப்பு கண்டுபுடிக்க மிஷின் செஞ்சிருக்கானோ?" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

அதில் நீங்கள் எதையெதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஷிஃப்ட் கட்டையை விரலால் அழுத்தியபடியே இருப்பது என் பழைய டைப்ரைட்டர் பழக்கம். அப்படி அழுத்தியபடி ஒருநாள் முதல் பக்கத்துப் படத்தைத் தட்டிவிட்டேன். திரை கறுப்பாகி, ஒரு பாட்டு ஓட, உங்கள் ஐந்து பேர் பெயரும் கீழிருந்து மேலே நடந்து போனது. கடைசியாக உன் பெயர். பதறிப்போய் ஃபோன் செய்தேன். நீ சிரித்தாய். "அதுக்கு ஈஸ்டர் எக்னு பேரும்மா. புரோகிராம் எழுதுதவங்க வெளையாட்டுக்கு ஒளிச்சு வைப்பாங்க." ஈஸ்டருக்கு முட்டையை ஒளித்து வைக்கிற வழக்கம் நமக்கு ஏது, நமக்கு ஆட்டுக்கறிதான் என்றேன். "இன்னும் நெறைய இருக்கு. எங்கன்னு சொல்ல மாட்டேன். தேடிப் பாரு" என்றாய்.

தேடினேன். சமையல் முடிந்த மத்தியானங்களில் அதுதான் எனக்கு வேலை. பாட்டின் வேகத்தை ஆகக் குறைத்து வைத்தால் திரையின் அடியில் ஒரு கப்பல் ஊர்ந்து வரும். கிரேன் ஒன்று அதிலிருந்து பெட்டி இறக்கும். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், அது நம் துறைமுகம்தான். நாலு குரலையும் வெறுமையாக விட்டுப் பாடச் சொன்னால் யாரோ குறட்டை விடுகிற சத்தம் கேட்கும். அப்பா வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம பேஸ் பார்ட்டி மாதிரியே இருக்கு" என்றார். சிரித்தார்கூட. ஒவ்வொன்றையும் உனக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ, "சரி, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாய். ஒருநாள், ஏதோ நினைவு வந்தவன்போல, "அந்தக் கடைசிப் பாட்ட நீ டைப் அடிக்கலியாம்மா?" என்று கேட்டாய். "அப்பா வேண்டாம்னுட்டாரு" என்றேன்.  நீ உடனே அங்கே தக்காளி விலையைப் பற்றிப் பேசினாய். அதற்கப்புறம் நீ அந்த ஒன்றைப் பற்றிக் கேட்கவேயில்லை. நானும் தேடுவதை விட்டுவிட்டேன்.

உன் மனைவி இதை வாசிப்பாள் என்பதால் அந்தக் கடைசிப் பாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையை நம் கோயிலில் எப்போதும் ஒரே பாட்டில்தான் முடிப்பார்கள். அதன் கடைசி வரியில் ஓரிடத்தில் ஆண்களின் மேல்குரலான டெனர் மேலே ஏற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நாம் இறங்குவோம். உன் தாத்தா காலத்தில் கோயிலில் இருந்த ஹார்மோனியத்தில் அந்த ஒரு கட்டை மட்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஊமையாகிவிட்டதாம். சுரம் கிடைக்காத டெனர்காரர்கள் காதில் விழுந்த அடுத்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஹார்மோனியம் போய் ஆர்கன் வந்தது, அதுவும் போய் கீபோர்டு வந்தது. இறங்கினவர்கள் இறங்கினபடியே இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து நம்மோடு பாடுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் தடுமாறி நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை.

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம், முதல் தடவையாக டெனரில் நின்றாய். பிராக்டிஸில் எல்லோரும் இறங்க, நீ மட்டும் ஏறினாய். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "யாருலே அது?" நீ, "புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றாய். "புஸ்தகம் சீமையில அடிச்சது. நம்ம கோயில்ல இப்படித்தான்." "அப்பம் தப்புன்னு தெரிஞ்சும் தப்பாத்தான் பாடணுமா?"  நான் ஆல்ட்டோவில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா நிதானமாகத்தான் சொன்னார்: "இஷ்டம் இல்லாதவன் எறங்கிப் போலாம்." நீ இறங்கிப் போனாய். படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு துறைமுகத்தில் அவர் பார்த்துவைத்த வேலைக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னதையும், அப்படியானால் உன் பாட்டைப் பார்த்துக்கொள் என்று அவர் சொன்னதையும் நான்தான் இங்குமங்கும் சுமந்தேன். ஒரு சுரத்துக்காகவா இத்தனை வருஷம் என்று யாராவது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. உன் கல்யாணப் போட்டோவில் நீங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்!

அதனால்தான் அந்தப் பாட்டை மட்டும் உன் புரோகிராமில் ஏற்ற அப்பா விடவில்லை. "அந்த எடத்துல அது செவப்புக் கோடு போடும். அதுக்குன்னுதான் அவன் அதச் செஞ்சிருக்கான்" என்பார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் உண்டு. நீ அவர் பிள்ளைதானே.

இந்த வருஷம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் வந்து பார்த்து, "இதோட இதுக்கு ஆயுசு முடிஞ்சுதுக்கா. வேணுங்கறத எடுத்துக்கோங்க" என்று சொல்லி ஏதோ செய்து ஓடவிட்டுப் போனார். கொயரில் இப்போது புதுப் பிள்ளைகள். அவர்களுக்கு எதுவும் மனப்பாடமில்லை, தாள் வேண்டும். நான் எல்லாப் பாட்டையும் அச்சடித்து வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு வந்தபோது அப்பா, "அத விட்டுரு" என்றார். எனக்கு முழங்கால் வலி. வெயில் வேறு. "செவப்பு விழுந்தா விழுந்துட்டுப் போட்டும். செவப்பு விழுந்து யாரும் செத்ததில்ல" என்றேன். அவர் கண் இப்போது மங்கல். நான் அடிப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போகவும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோப்ரானோ, ஆல்ட்டோ, பேஸ் மூன்றையும் அடித்துவிட்டு டெனருக்கு வந்தேன். இரண்டு இடத்தில் நான் தப்பாக அடித்துச் சிவப்பு விழுந்தது. திருத்தினேன். கடைசி வரியில் அந்த இடம் வந்ததும், நாம் பாடுகிறபடியே, இறங்கி அடித்தேன்.

சிவப்பு விழவில்லை. திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் தமிழில் இருந்தது: "இது பிழையில்லை. அப்பா சொன்னபடி."

நான் கையை எடுத்துவிட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "என்னளா, செவந்துட்டா?"

வாசித்துச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையைச் சொல்லியிருக்கிறேன்! இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. "நீங்களே வந்து பாருங்க" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியலன்னு தெரியும்லா." "கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்க." முனகிக்கொண்டே வந்தார். திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல உதடு அசைந்தது. இரண்டாவது தடவையும் அசைந்தது. பிறகு, "இத எப்பம் எழுதினான்?" என்று கேட்டார். "சி.டி. வந்தப்பவே இதுக்குள்ள இருந்திருக்கு. நீங்கதான் அடிக்க விடல" என்றேன். கொஞ்சம் காட்டமாகத்தான் சொன்னேன். "அப்பம் இருந்தேவா?" என்றார். "அப்பம் இருந்தேதான்."

பின்பக்கம் போய்விட்டார். குழாயடியில் முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நம் வீட்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அவர் அவ்வளவு தண்ணீர் செலவழித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் சும்மா இருக்காமல் சோதித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் புத்தகத்துச் சுரத்தைப் போட்டால் சிவப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. நம் சுரத்தை வேறு பாட்டில் போட்டால் பளிச்சென்று சிவப்பு. இந்தப் பாட்டில், இந்த வரியில், நம் கோயில் பாடுகிறபடி நாலு குரலும் இருந்தால் மட்டும்தான் அந்தப் பெட்டி திறக்கிறது. உலகத்தில் நம் கொயர்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்ய வழியில்லை. வேறு யாருக்கும் அது திறக்கவும் திறக்காது. அப்பா திரும்பி வந்ததும், அதை மூடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார். சாயங்காலம் கரண்டு போகிற வரைக்கும் அது திறந்தபடியே கிடந்தது.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. நீ எவ்வளவு பெரிய மடையன் என்று நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை ஃபோனில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைக் கொண்டுபோய், அவர் தொடவே மாட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய். பிறகு அவர் தொடவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். நான் அத்தனை மத்தியானங்கள் கப்பலையும் குறட்டையையும் கண்டுபிடித்து உன்னிடம் ஓடி ஓடிச் சொன்னபோதெல்லாம் நீ இந்த ஒன்றுக்குத்தானே காத்திருந்தாய்? தக்காளி விலை பேசினாயே அன்றைக்கு, அது ஏனென்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

புத்திமதி என்று நான் சொல்லப்போவது இதுதான். உனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதே. பிள்ளைகளுக்குத் தேடப் பொறுமை இருக்காது, பெரியவர்களுக்குத் தேடத் தெம்பு இருக்காது. உன் மனைவியை உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கவைக்காதே. நடுவில் நிற்கிறவளுக்குச் சொந்தமாகப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. முந்தாநாள் நீ ஃபோனை வைத்த பிறகுதான், எனக்கு ஆபரேஷன் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல நினைத்தது ஞாபகம் வந்தது.

கேள், கூத்து இன்னும் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸில் அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசி வரியில டெனர் ஏறணும். புஸ்தகத்துல உள்ளபடி பாடுங்க" என்று சொல்லிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற தங்கராஜ் டெனரில் மூத்தவர், உன்னோடு நின்று பாடியவர். "அண்ணாச்சி, இத்தன வருஷமா எறங்கின எடத்துல இன்னிக்குப் போயி ஏறச் சொன்னா எப்படி ஏறும்?" என்றார். அப்பா, "எங்க மவன் ஏறினாம்லா" என்றார்.  தாளைப் பார்க்கிறவர்போலக் குனிந்துகொண்டார். பிறகு பாடினார்கள். புதுப் பிள்ளைகள் ஏற, பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் இறங்க, அந்த இடத்தில் கோயில் பூனைகூட எழுந்து வெளியே போய்விட்டது. நீ அவருக்காக இறங்கினாய், அவர் உனக்காக ஏறுகிறார். இப்படியே போனால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஊர் சிரிக்கும். "அவன்கிட்ட கேளு, ஏறணுமா எறங்கணுமான்னு" என்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் சொன்னார். மாட்டேன் என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் அசந்துபோனார்.

அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சித்தி என்னோடு ஆஸ்பத்திரியில் இருப்பாள். அப்பா வீட்டில் இருப்பார். என் ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். துறைமுகத்து வேலையில் பேசிப் பேசித் தீர்ந்துவிட்டது, எனக்கெதற்கு ஃபோன் என்று இத்தனை நாள் தட்டிக் கழித்தவர், இந்தத் தடவை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். சித்தியின் ஃபோனிலிருந்து அவருக்கு மட்டும்தான் சேதி போகும். உன் நம்பர் வந்தால் எடுக்கக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவள் என் தங்கை, எடுக்க மாட்டாள். ஆபரேஷன் முடிந்ததா, நான் கண் விழித்தேனா என்பது உனக்குத் தெரிய வேண்டுமென்றால் அவர் வாயால்தான் தெரிய வேண்டும். இது அநியாயம் என்று நீ சொல்வாய். அநியாயம்தான்.

ஃபோன் வந்தால் பச்சையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கண் மங்கல், பழக்கமும் இல்லை. நேற்றுப் பழகும்போது சிவப்பைத் தள்ளிவிட்டார். அதனால் நீ அழைத்து, மணி அடித்து, பட்டென்று கட்டாகிவிட்டால் வேண்டுமென்றே வெட்டிவிட்டார் என்று நினைத்துவிடாதே. பேச வேண்டும் என்ற பதற்றத்தில்தான் தப்பாகத் தள்ளியிருப்பார். மறுபடியும் அடி.

உன் அம்மா